நள்ளிரவுப் பல்வலிக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “என் கணவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு வாரமாக வலி. முந்தாநாள் நள்ளிரவில் தாங்க முடியாமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனோம். வெகுநேரம் காத்திருந்தோம். ஊசி போட்டு, ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்து, ‘பல் மருத்துவரைப் பாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். நேற்று நன்றாகத் தூங்கினார். இன்று மாலை மறுபடியும் அதே வலி. முதலிலேயே பல் மருத்துவரைத் தேடியிருக்க வேண்டுமா? எப்போது எங்கே போவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

வலி பல்லோடு நிற்கும்வரை பல் மருத்துவரிடம் போக வேண்டும். அது பல்லைத் தாண்டி மூச்சு, விழுங்குதல், கண், கழுத்து என்று கை வைக்கத் தொடங்கிவிட்டால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில், இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதை எல்லா வீட்டிலும் ஒருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் அவசரப் பிரிவில் காத்திருந்து இரவை வீணாக்குகிறார்கள். அந்தப் பக்கம் இருப்பவர்களோ ‘வெறும் பல்வலிதானே’ என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் இரண்டாவது வகையினர்.

உங்களுக்கு நடந்ததை முதலில் பார்ப்போம். அவசரப் பிரிவு மருத்துவர் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறார். மாரடைப்பு, பக்கவாதம், விபத்து என்று உயிருக்கு ஆபத்தான எல்லாவற்றுக்கும் தயாராக இருக்கும் இடம் அது. ஆனால் பல்லைத் துளைக்கும் கருவி பெரும்பாலும் அங்கே இருக்காது. ஒரு பல்லின் வேர்நுனியை மட்டும் தெளிவாகக் காட்டும் சின்ன எக்ஸ்ரே இருக்காது. பல இடங்களில் பல் மருத்துவரே பணியில் இருக்க மாட்டார். வருகிறவர்களை ஆபத்தின் வரிசையில் பார்ப்பதுதான் அங்கே முறை என்பதால், நெஞ்சுவலிக்காரருக்கும் மூச்சுத்திணறல் குழந்தைக்கும் பின்னால்தான் பல்வலி நிற்கும். அது நியாயமும்கூட. கடைசியில் கிடைப்பது வலியை அடக்கும் மருந்து. வலியின் காரணம் பல்லுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் காரணம் என்ன என்று புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும். பல்லின் வெளியே எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் மென்மையான பற்கூழ். நாம் ‘பல் நரம்பு’ என்று சொல்வது இதைத்தான்; உண்மையில் அதில் நரம்போடு இரத்தக் குழாய்களும் இருக்கின்றன. சொத்தை ஆழமாக இறங்கி இந்தக் கூழைத் தொட்டதும் அது அழற்சி கண்டு வீங்குகிறது. கையில் அடிபட்டால் தோல் விரிந்து வீக்கத்துக்கு இடம் கொடுக்கும். பற்கூழுக்கு அந்த வசதி இல்லை. நான்கு பக்கமும் கெட்டியான சுவர். வீங்க இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறுகிறது, நரம்பு துடிக்கிறது. படுத்ததும் தலைப் பக்கம் இரத்த ஓட்டத்தின் அழுத்தம் கூடுவதால் துடிப்பும் கூடுகிறது. பகலில் எப்படியோ சமாளித்த வலி இரவில் ஆளை எழுப்பி உட்கார வைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முற்றிய நிலையில் சூடாக எது பட்டாலும் உயிர் போகும். குளிர்ந்த நீரை வாயில் வைத்திருந்தால் கொஞ்சம் அடங்கும். தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு வாய் விட்டு ஒரு வாய் உறிஞ்சியபடியே உள்ளே வரும் நோயாளியைப் பார்த்தால், வாயைத் திறக்கச் சொல்லும் முன்பே எங்களுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இந்த நிலையில் ஆன்டிபயாடிக் ஏன் உதவுவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். கூழ் உயிரோடு அழற்சி கண்டிருக்கும் கட்டத்தில் வலிக்குக் காரணம் அழுத்தமும் அழற்சியும்தான். கிருமியைக் கொல்லும் மருந்து அதைக் குறைக்காது. கூழ் செத்துப்போன பிறகோ, அதற்குள் இரத்த ஓட்டமே இல்லை. மாத்திரையின் மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். போக வழி இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்? அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி சீராக உள்ள பெரியவர்களுக்கு, பல் சிகிச்சை உடனே கிடைக்கும் நிலையில், பற்கூழ் வலிக்கும் வேர்நுனி வலிக்கும் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. பல்லுக்குள் செய்ய வேண்டிய வேலையைச் செய்யுங்கள் என்கிறது அது. காய்ச்சல், உடல் சோர்வு, பரவும் வீக்கம் இருந்தால் கதை வேறு. அப்போது ஆன்டிபயாடிக் அவசியம். ஆனால் அப்போதும் அது துணைதான்; சீழை வெளியேற்றுவதும் மூலத்தை நீக்குவதும்தான் சிகிச்சை.

நேற்று நன்றாகத் தூங்கினார் என்கிறீர்களே, அது ஊசியின் வேலையாக இருக்கலாம். இன்னொரு சாத்தியமும் உண்டு. பல நாள் துடித்த பல் திடீரென்று ஒரு நாள் அமைதியாகிவிடும். குணமாகிவிட்டது என்று ஆளும் நிம்மதியாகிவிடுவார். பல சமயம் நரம்பு செத்துவிட்டதுதான் அதற்குக் காரணம். கிருமிகள் வேர்நுனி வழியாக எலும்புக்குள் இறங்கியபின், கடித்தால் வலி, பல் உயர்ந்துவிட்டது போன்ற உணர்வு, ஈறில் கொப்புளம், கன்னத்தில் வீக்கம் என்று அது திரும்பி வரும். ஆகவே சொத்தைப் பல்லில் வந்த கடுமையான வலி மருந்தில்லாமல் தானாக நின்றால் மகிழ வேண்டாம். அந்த வாரத்திலேயே பல் மருத்துவரைப் பாருங்கள்.

அவசரப் பல் மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். முதலில் எந்தப் பல் என்று கண்டுபிடிக்க வேண்டும். இது நினைப்பதைவிடக் கடினம். கீழ்ப் பல்லின் வலி மேல்தாடையிலும் காதிலும் தெரியும். வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லையும் மெல்லத் தட்டிப் பார்ப்போம், குளிர்ச்சியை வைத்துப் பார்ப்போம், எக்ஸ்ரே எடுப்போம். பிறகு மரப்பு ஊசி. பல் மரத்ததும் மேலிருந்து துளையிட்டு உள்ளறையைத் திறப்போம். சீழ் கட்டிய பல்லாக இருந்தால், துளைக்கும் முனை உள்ளறைக்குள் விழும் அந்தக் கணத்தில் துளை வழியே ஒரு சொட்டு சீழும் இரத்தமும் மேலெழும்பி வரும். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்த விரல்கள் தளர்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அழுகிய கூழை எடுத்து, கழுவி, உள்ளே மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்புவோம். மீதி வேர் சிகிச்சையை (ரூட் கெனால்) பிறகு நிதானமாக முடிக்கலாம். காப்பாற்ற முடியாத பல் என்றால் எடுத்துவிடுவோம். ஈறில் சீழ் திரண்டிருந்தால் சின்னதாகக் கீறி வடித்துவிடுவோம். எதுவானாலும் ஒரே அமர்வில் வலியின் முதுகெலும்பு முறிந்துவிடும். மாத்திரைகளால் ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமே தவிர இதைச் செய்ய முடியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மிகவும் கொதித்துப்போன பல், குறிப்பாகக் கீழ்க் கடைவாய்ப் பல், சில சமயம் முதல் ஊசியில் மரக்காது. அழற்சி கண்ட திசுவில் அமிலத்தன்மை கூடுவதால் மரப்பு மருந்து நரம்புக்குள் நுழைவது குறைகிறது. நரம்பும் அதிகக் கூர்மையாக இருக்கிறது. அதனால் வேறு இடத்தில் இன்னொரு ஊசி போட வேண்டியிருக்கலாம். வலி தெரிந்தால் பல்லைக் கடித்துப் பொறுக்காமல் கையைத் தூக்கிச் சொல்லுங்கள். சொல்வதற்காகத்தான் உங்கள் கை சும்மா இருக்கிறது.

இனி, கோட்டுக்கு அந்தப் பக்கம்.

கீழ்த்தாடையின் உட்புறத்தில், வாயின் தரையைத் தாங்கி ஒரு தசை விரிந்திருக்கிறது. கீழ் இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகள் பெரும்பாலும் அந்தத் தசை ஒட்டியிருக்கும் இடத்துக்குக் கீழே இருக்கும். எனவே அங்கே சீழ் கட்டினால் வாய்க்குள் கொப்புளமாக வெளிவராமல் தாடைக்கடியில், கழுத்துப் பக்கம் இறங்கும். இரண்டு பக்கமும் பரவி, நாவின் அடிப்பகுதியையும் பிடித்து, நாக்கை மேலே தள்ளி, மூச்சுக் குழாயை அடைக்கும் நிலைக்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரீட்ரிக் வான் லுட்விக் 1836-இல் இதை விவரித்தார். ஆன்டிபயாடிக்குகளுக்கு முந்தைய காலத்தில் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். இன்று பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள், நேரத்தில் மருத்துவமனைக்குப் போனால்.

இதன் அடையாளங்களை வீட்டிலேயே பார்க்கலாம். தாடைக்கடியில் தொட்டுப் பாருங்கள்: பலகை போலக் கெட்டியாக, இரு பக்கமும் வீங்கியிருக்கிறதா? எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள். விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தால் அபாயம். பேசச் சொல்லுங்கள்; வாயில் சூடான எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறியிருந்தால் நாக்கு மேலே தள்ளப்படுகிறது என்று பொருள். வாயைத் திறந்து தன் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானோருக்கு நுழையும். நேற்று நுழைந்தது, இன்று ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் கிருமி தாடைத் தசைகளின் இடைவெளிகளுக்குள் போகிறது. மல்லாந்து படுக்க முடியாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டே இருப்பவரைக் கட்டாயப்படுத்திப் படுக்க வைக்காதீர்கள். அந்த நிலையில்தான் அவர் மூச்சு விடுகிறார். இவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவமனையைத் தேடி அலைய வேண்டாம். ஆம்புலன்ஸை அழையுங்கள். அப்போது தேவைப்படுவது மூச்சுக் குழாயைக் காக்கும் மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கு, இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் மருந்து. பல்லை அதன்பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மேல்தாடைப் பல்லில் தொடங்கிய வீக்கம் கண்ணை நோக்கி ஏறினால் அதுவும் மருத்துவமனைக்கு உரியது. இமை மூடிக்கொள்வது, பார்வை இரட்டையாகத் தெரிவது, கடும் தலைவலி, கண்ணை அசைத்தால் வலி ஆகியவை வந்தால் காத்திருக்கவே கூடாது. முகத்தின் சிரைகள் வழியாகக் கண்ணுக்குப் பின்னால், மூளையின் அடியில் உள்ள சிரைப் பைக்குக் கிருமி போய்விட முடியும். அரிதுதான், ஆனால் வந்தால் மிகக் கொடியது.

இன்னொரு வகை ‘பல்வலி’யும் பல் மருத்துவரிடம் வரக்கூடாது. படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ கீழ்த்தாடையில் வலித்து, ஓய்வெடுத்தால் அடங்குகிறது. கூடவே வியர்வை, மூச்சு வாங்குதல், குமட்டல், தோள்பட்டையில் கனம். இது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். மாரடைப்பில் தாடை வலி மட்டுமே முதல் அறிகுறியாக வருவதும் உண்டு. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம் என்பதால் அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எந்தப் பல் என்று சுட்ட முடியாத, குளிர் சூடு எதற்கும் மாறாத, உழைப்பில் கூடும் தாடை வலி என்றால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

விபத்தில் அடிபட்டால் வரிசையை மாற்றாதீர்கள். நினைவு தப்பியது, வாந்தி, குழப்பம், நிற்காத இரத்தம், மேல்கீழ்ப் பற்கள் வழக்கம்போல் பொருந்தாமை, கீழுதடு மரத்துப்போதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவமனை. பற்கள் பொருந்தாமல் போவது தாடை எலும்பு முறிந்ததற்கான அடையாளமாக இருக்கலாம். உடைந்த துண்டு எங்கே என்று தெரியவில்லை, இருமல் நிற்கவில்லை என்றால் அது நுரையீரலுக்குள் போயிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

தலைக்கு ஆபத்தில்லை, ஒரு பல் மட்டும் முழுசாக வேரோடு வெளியே வந்துவிட்டது என்றால், பல் மருத்துவத்தில் நிமிடங்களை எண்ண வேண்டிய அவசரம் இதுதான். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இரண்டு முறை படியுங்கள். விழுந்த பல்லை வேர்ப்பக்கம் தொடாமல், வெள்ளையாகத் தெரியும் முடிப்பகுதியைப் பிடித்து எடுங்கள். வேரின் மேல் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களின் படலம் ஒட்டியிருக்கிறது. பல் மறுபடி எலும்போடு சேர்வது அதன் தயவில்தான். அழுக்கு ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ, எதுவும் இல்லையென்றால் அடிபட்டவரின் எச்சிலிலோ மெல்ல அலசுங்கள். தேய்க்கவோ துணியால் துடைக்கவோ கூடாது, சோப்பும் கூடாது. பிறகு, நிரந்தரப் பல்லாக இருந்து அடிபட்டவரும் தெளிவாக இருந்தால், அதை அதே குழியில் மெல்ல அழுத்தி உட்கார வையுங்கள். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று பக்கத்துப் பல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சுத்தமான கைக்குட்டையை மடித்து வைத்துக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கை நடுங்கும், தெரியும். ஆனால் உலகின் தலைசிறந்த மருத்துவர் ஒரு மணி நேரம் கழித்துச் செய்வதைவிட, நீங்கள் அந்த இடத்திலேயே செய்வது பல்லுக்கு நல்லது.

பொருத்தத் தைரியம் வரவில்லையா, குளிர்ந்த பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். பல் காயங்களுக்கான சர்வதேசச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் எளிதில் கிடைக்கும் பொருள்களில் பாலைத்தான் முதலில் வைக்கிறது. பால் இல்லையென்றால் ஒரு சின்னக் கிண்ணத்தில் அவருடைய எச்சிலைத் துப்பச் சொல்லி அதில் வையுங்கள். தண்ணீர் நல்ல தேர்வு அல்ல, அணுக்கள் வீங்கி வெடித்துவிடும்; ஆனாலும் உலர விடுவதற்குத் தண்ணீர் மேல். காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டு வருவதுதான் மிக மோசம். 15 நிமிடங்களுக்குள் பொருத்தினால் வாய்ப்பு மிக நன்று. 60 நிமிடங்களுக்கு மேல் உலர்ந்திருந்தால் அந்த அணுக்கள் பெரும்பாலும் செத்திருக்கும்; அப்போதும் பல்லை எறிந்துவிடாமல் கொண்டுவாருங்கள், குறிப்பாக இளவயதினருக்குப் பொருத்தி வைப்பதால் பலன் உண்டு. பல் மருத்துவர் அதைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் ஏறத்தாழ 2 வாரம் பிணைத்து வைப்பார். வளர்ச்சி முடிந்த பல்லுக்கு அந்தக் காலத்துக்குள் வேர் சிகிச்சையும் தொடங்க வேண்டும். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். பால் பல்லை மட்டும் ஒருபோதும் திரும்பப் பொருத்தக் கூடாது. அடியில் வளரும் நிரந்தரப் பல்லின் மொட்டைக் கெடுத்துவிடும்.

சின்னச் சங்கடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பல்லின் மேல் போட்ட உறை கழன்று விழுந்தால் பத்திரப்படுத்தி ஓரிரு நாளில் போய் ஒட்டிக்கொள்ளலாம். கடைப் பசையால் நீங்களே ஒட்டாதீர்கள். பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் கசிந்தால் சுத்தமான ஈரத்துணியை உருட்டி வைத்து 30 நிமிடம் அழுத்திக் கடியுங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அப்படியும் வாய் நிறைய வந்துகொண்டே இருந்தால் உடனே மருத்துவ உதவி தேவை, இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் என்றால் இன்னும் வேகமாக. பல் எடுத்த 2 முதல் 4 நாளில் வலி குறைவதற்குப் பதிலாகக் காது வரை ஏறினால், குழியில் இரத்தக்கட்டி கலைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். பல் மருத்துவர் கழுவி மருந்து வைத்தால் விரைவிலேயே நல்ல ஆறுதல் கிடைக்கும். ஞானப்பல்லைச் சுற்றி ஈறு வீங்கியிருந்தால் வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளித்துவிட்டு மறுநாள் போகலாம், வாய் திறக்க முடிகிறவரை.

இரவைக் கடக்க என்ன செய்வது? வேறு தடை எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமும் சேர்ந்து நன்றாக வேலை செய்யும். பல்வலிக்கு இந்தச் சேர்க்கை பல வலுவான மருந்துகளுக்குக் குறைந்ததல்ல. அடுத்த வேளைக்கான இடைவெளியை உறையில் உள்ளபடியே கடைப்பிடியுங்கள். குடற்புண், சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு, இரத்தம் உறையாமைக்கான மருந்து, வலி மாத்திரையால் கூடும் ஆஸ்துமா, கர்ப்பம், டெங்கு சந்தேகம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் ஐபுபுரூஃபன் வேண்டாம். பாராசிட்டமாலைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வலி தாங்காமல் ஒரு மாத்திரை, பிறகு வேறு பெயரில் இன்னொன்று, நடுவே சளி மாத்திரை என்று விழுங்குகிறார்கள். மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமைத் தாண்டவே கூடாது, கல்லீரல் நோயோ மதுப் பழக்கமோ எடைக் குறைவோ உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. பல்வலிக்காக மாத்திரைகளை அள்ளி விழுங்கிக் கல்லீரல் கெட்டுப் போனவர்கள் மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். தெரியாமல் அளவு மீறிவிட்டால் உடம்பு நன்றாக இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அறிகுறி வரும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

தலையை உயர்த்திப் படுங்கள். வீங்கிய கன்னத்துக்கு வெளியிலிருந்து குளிர் ஒத்தடம், வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். ஆஸ்பிரினைப் பல்லோரம் அடக்கிக்கொள்வது பழைய பழக்கம். அது ஈறையும் கன்னத்தையும் வெந்து வெள்ளையாக்கிவிடும். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் ஒரு துளி தொட்டுச் சொத்தைக் குழியில் வைக்கலாம், ஈறில் படக்கூடாது, சின்னக் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் பழைய ஆன்டிபயாடிக்கை எடுத்து அரைகுறையாகச் சாப்பிடாதீர்கள்.

பல் மருத்துவரைத் தேடுவதும் ஒரு வேலைதான். உங்கள் வழக்கமான பல் மருத்துவரின் எண்ணை முதலில் அழையுங்கள். கிளினிக் மூடியிருந்தாலும் அவசர அழைப்புக்கு வழி வைத்திருப்பவர்கள் உண்டு. பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், வாய் முக அறுவை சிகிச்சைத் துறை உள்ள பெரிய மருத்துவமனைகளிலும் விசாரியுங்கள். ‘பல் வலிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரம் நேரம் தருவார்கள். எந்தப் பக்கம், எத்தனை நாள், தூக்கம் கெடுகிறதா, வீக்கம் எங்கே, நேற்றைவிடக் கூடியதா, காய்ச்சல் உண்டா, வாய் எத்தனை விரல் திறக்கிறது, விழுங்க முடிகிறதா, அடிபட்டிருந்தால் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை, சர்க்கரை நோய், இதய வால்வு சிகிச்சை, புற்றுநோய் சிகிச்சை, எலும்புத் தேய்மானத்துக்கான ஊசி இவற்றையும் மறக்காமல் சொல்லுங்கள். இரத்தம் உறையாமைக்கான மருந்தை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். பல்லைவிட அந்த மருந்தை நிறுத்துவது ஆபத்தாகலாம். கர்ப்பிணிகள் பல் சிகிச்சைக்குப் பயந்து வலியையும் கிருமியையும் சுமக்க வேண்டியதில்லை. அவசர சிகிச்சையை எந்த மாதத்திலும் செய்யலாம். வழக்கமான மரப்பு ஊசியும் தேவையான எக்ஸ்ரேயும் தடையல்ல, கர்ப்பம் என்று முன்கூட்டியே சொன்னால் போதும்.

எந்தப் பல் மருத்துவரும் கிடைக்காத இரவில், வலி மட்டும்தானா ஆபத்தா என்று உங்களால் முடிவு செய்ய முடியவில்லை என்றால் அவசரப் பிரிவுக்குப் போங்கள், தயங்க வேண்டாம். குழந்தைக்கு முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், சர்க்கரை நோயாளிக்கு வீக்கம் வேகமாகக் கூடினால், சந்தேகத்தின் பலனை எப்போதும் மருத்துவமனைக்கே கொடுங்கள். அங்கே போனதும் ‘வாய் முக அறுவை சிகிச்சை நிபுணர் அழைப்பில் இருக்கிறாரா’ என்று கேளுங்கள். அவர்கள் தரும் சீட்டைப் பத்திரமாக வைத்து, மறுநாளே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். இன்றிரவே மேலே சொன்ன மூன்று விரல் சோதனையைச் செய்து பாருங்கள், தாடைக்கடியிலும் தொட்டுப் பாருங்கள், காய்ச்சல் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மருத்துவர் எழுதிய மருந்தை அளவோடு கொடுத்து, தலையணையை உயர்த்திப் படுக்க வையுங்கள். நடுவில் இன்னொரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். பரவும் கிருமி சில மணி நேரத்தில் முகத்தை மாற்றிவிடும். காலையில் கிளினிக் திறந்ததும் முதல் ஆளாக அழைத்து, ஒரு வாரமாக வலி, அவசரப் பிரிவில் மருந்து வாங்கியும் திரும்பிவிட்டது என்று சொல்லி அன்றைக்கே நேரம் கேளுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டதால் அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதைப் பல்லைப் பார்த்தபின் அவர் சொல்லட்டும். பல்லைத் திறந்து மருந்து வைத்ததும் வலி போய்விடும். அத்தோடு திரும்பிப் போகாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அந்தத் தற்காலிக அடைப்பு சில வாரம்தான் தாங்கும். வேர் சிகிச்சையை முடித்து, மேலே உறை போடுகிற தேதிகளையும் அன்றைக்கே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.